போதையை விட்டவருக்கு ஒரு வீடு: மீட்சி இல்லமும் அதற்கான சான்றிதழும்

மதுவும் போதைப் பொருளும் ஹராம் என்பதில் நம் சமுதாயத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜும்ஆ மேடைகளில் இதைப் பேசிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் ஒரு கேள்விக்கு நம்மிடம் தெளிவான பதில் இல்லை. போதையில் விழுந்த ஓர் இளைஞன் தவ்பா செய்து, மருத்துவமனையில் சிகிச்சையும் முடித்து வெளியே வருகிறான். அன்று இரவு அவன் எங்கே தங்குவான்? அதே தெரு, அதே நண்பர்கள், அதே கடை வாசல். பலர் மீண்டும் விழுவது அங்கேதான்.

நூறு உயிர்களைக் கொன்றுவிட்டுத் தவ்பாவுக்கு வழி தேடிய மனிதரின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது என்று அவருக்குச் சொன்ன அறிஞர் அத்துடன் நிறுத்தவில்லை. நீ இருக்கும் ஊர் கெட்ட ஊர், அல்லாஹ்வை வணங்கும் நல்லவர்கள் வாழும் ஊருக்குப் போ என்றும் வழிகாட்டினார். மனம் மாறியவர் இடமும் மாற வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

அமெரிக்காவில் ‘சோபர் லிவிங் ஹோம்’ அல்லது ‘ரெகவரி ரெசிடென்ஸ்’ என்று அழைக்கப்படும் வீடுகள் இந்தத் தேவைக்காகவே உருவானவை. இவற்றை நாம் ‘மீட்சி இல்லம்’ என்று குறிப்பிடுவோம். அந்த வீடுகள் எப்படி நடக்கின்றன, அவற்றுக்குத் தரச்சான்றிதழ் எப்படித் தரப்படுகிறது, அதில் நமக்கு என்ன படிப்பினை இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

மீட்சி இல்லம் என்றால் என்ன?

இது மருத்துவமனை அல்ல. போதை மறுவாழ்வு மையமும் அல்ல. போதையை விட்ட சிலர் சேர்ந்து வாழும் சாதாரணக் குடியிருப்பு வீடு. பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போவார்கள். வாடகையில் தங்கள் பங்கைத் தருவார்கள். சமையலையும் துப்புரவையும் பகிர்ந்துகொள்வார்கள். வீட்டுக்குள் மதுவோ போதைப் பொருளோ வரக் கூடாது, யாரும் பயன்படுத்தவும் கூடாது என்பதே அடிப்படை விதி.

இதில் புகழ்பெற்ற முன்மாதிரி ‘ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ்’. 1975இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில், அரசு உதவியில் நடந்த ஒரு விடுதி மூடப்படும் நிலை வந்தது. அங்கே தங்கியிருந்தவர்களே அந்த வீட்டை வாடகைக்கு எடுத்துத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். மூன்று நிபந்தனைகளை வைத்துக்கொண்டார்கள்: வீட்டின் முடிவுகளை வாக்கெடுப்பில் எடுக்க வேண்டும், செலவைத் தாங்களே ஏற்க வேண்டும், மீண்டும் போதையைத் தொட்டவர் வெளியேற வேண்டும். இன்றும் அந்த வீடுகளுக்கு இவையே சட்டம்.

1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் இத்தகைய வீடுகளுக்காக மாநிலங்களில் சுழல்கடன் நிதி ஏற்படுத்தச் சட்டம் இயற்றியது. ஒரு வீட்டைத் தொடங்க 4,000 டாலர் வரை கடன். இரண்டு ஆண்டுக்குள் திருப்பித் தர வேண்டும். திரும்பி வந்த பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். நம் பைத்துல்மால் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டிய ஏற்பாடு இது.

பலன் உண்டா என்று கேட்கலாம். இல்லினாய் மாநிலத்தில் சிகிச்சை முடித்த 150 பேரை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் வீடுகளில் தங்கினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பின்கவனிப்பு மட்டும் தரப்பட்டது. முடிவுகள் 2006இல் வெளியாயின. இரண்டு ஆண்டு கழித்து மது அல்லது போதையைப் பயன்படுத்தியவர்கள் வீடுகளில் தங்கிய பிரிவில் சுமார் 31 சதவீதம், மற்ற பிரிவில் சுமார் 65 சதவீதம். தங்கும் இடமும் தோழமையும் ஒரு மனிதனை எவ்வளவு தாங்கிப் பிடிக்கும் என்பதற்கு இது சாட்சி.

சான்றிதழ் ஏன் தேவைப்பட்டது?

நல்ல காரியம் நடக்கும் இடத்துக்குள் கெட்ட எண்ணமும் நுழைந்துவிடும். ஃபுளோரிடா மாநிலத்தின் தென்பகுதியில் அதுதான் நடந்தது. வீடு நடத்தும் சிலர் சிகிச்சை மையங்களோடு ரகசிய ஒப்பந்தம் வைத்துக்கொண்டார்கள். ஆள் அனுப்பினால் தரகு. தங்குபவருக்கு வாடகை இலவசம் என்று ஆசை காட்டுவார்கள். பிறகு அவருடைய காப்பீட்டின் பெயரில் வாரத்துக்குப் பலமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்து பெரும் தொகை கறப்பார்கள். காப்பீடு தீர்ந்தால் தெருவில் விடுவார்கள். அவர் மீண்டும் போதையில் விழுந்தால் சிகிச்சை புதிதாகத் தொடங்கும், பணமும் புதிதாக வரும். அதாவது அவர் குணமாகாமல் இருப்பதுதான் இவர்களுக்கு லாபம். வீட்டுக்கும் மையத்துக்கும் இடையே மனிதர்களைச் சுற்ற விட்ட இந்தக் கொடுமைக்கு ‘ஃபுளோரிடா ஷஃபிள்’ என்றே பெயர் வந்துவிட்டது.

அரிசோனாவில் நடந்தது இன்னும் வேதனையானது. அங்கே குறிவைக்கப்பட்டவர்கள் நவஹோ உள்ளிட்ட பூர்வகுடி மக்கள். அவர்களுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் பணம் எடுப்பதற்காக, ஊர்களிலிருந்து வண்டியில் ஏற்றி வந்து, மீட்சி இல்லம் என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால் அடைத்து வைத்தார்கள். பல இடங்களில் சிகிச்சையே நடக்கவில்லை; சில வீடுகளில் மதுவையும் போதைப் பொருளையும் அவர்களே கொடுத்ததாகவும் புகார்கள் வந்தன. 2023 மே மாதம் மாநில அரசு நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பணம் வழங்குவதை நிறுத்தியது. காணாமல் போன தம் மக்களைத் தேடிக் கண்டுபிடிக்க நவஹோ நிர்வாகம் தனியாக ஒரு நடவடிக்கையே தொடங்க வேண்டியதாயிற்று.

இத்தகைய தரகுக்கு எதிராக 2018இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. மீட்சி இல்லத்துக்கோ சிகிச்சை மையத்துக்கோ ஆள் அனுப்பப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஒவ்வொரு குற்றத்துக்கும் 10 ஆண்டு வரை சிறையும் 2,00,000 டாலர் வரை அபராதமும் உண்டு.

எல்லா வீட்டுக்கும் கட்டாயம் ஆக்காதது ஏன்?

1988இல் திருத்தப்பட்ட நியாயமான குடியிருப்புச் சட்டம், போதையிலிருந்து மீண்டு வருபவர்களை மாற்றுத்திறனாளிகளுக்குரிய பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தது. சட்டவிரோதப் போதையைத் தற்போது பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே, ‘இவர்கள் எங்கள் தெருவில் குடியிருக்கக் கூடாது’ என்று ஒரு நகராட்சி தடை போட முடியாது. 1995இல் வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸுக்கும் இடையிலான வழக்கில், ஒரு வீட்டில் உறவினர் அல்லாதோர் இத்தனை பேர்தான் வாழலாம் என்ற நகர விதிக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சேர்ந்து வாழும் உரிமையில் கைவைக்காமல் மோசடியையும் தடுக்க வேண்டும். அதற்குப் பல மாநிலங்கள் ஒரு நடுவழியைப் பிடித்தன. சான்றிதழ் விருப்பத்தின் பேரில்தான். ஆனால் அது இல்லாத வீட்டுக்குப் பல கதவுகள் மூடப்படும். ஃபுளோரிடாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் இப்படித்தான் அமைந்தது. 2016 ஜூலை 1 முதல், உரிமம் பெற்ற சிகிச்சை மையங்கள் பொதுவாகச் சான்றிதழ் இல்லாத வீட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது. சான்றிதழ் பெறாமல் பெற்றதாக விளம்பரம் செய்வது தண்டனைக்குரிய குற்றம். அரிசோனாவோ 2018இல் சட்டம் இயற்றி, சுகாதாரத் துறையின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே மோசடி அதற்குப் பிறகும் நடந்தது என்பதைக் கவனியுங்கள். சட்டம் இருந்தால் போதாது. நேரில் போய்ப் பார்க்கும் கண்களும் வேண்டும்.

நான்கு நிலைகள்

2011இல் உருவான ‘நேஷனல் அலையன்ஸ் ஃபார் ரெகவரி ரெசிடென்சஸ்’ என்ற தேசியக் கூட்டமைப்பு வகுத்த தர விதிகளையே பல மாநிலங்கள் பின்பற்றுகின்றன. நேரடியாகச் சான்றிதழ் தருவது அதன் மாநிலக் கிளை அமைப்புகள். அந்தக் கூட்டமைப்பு மீட்சி இல்லங்களை நான்கு நிலைகளாகப் பிரித்தது.

முதல் நிலை: தங்குபவர்களே நடத்தும் வீடு. சம்பள ஊழியர் இல்லை.

இரண்டாம் நிலை: வீட்டுப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. பெரும்பாலும் அவரும் போதையிலிருந்து மீண்டவராகவே இருப்பார்.

மூன்றாம் நிலை: சம்பள ஊழியர்கள், மேற்பார்வை, வாழ்க்கைத் திறன் பயிற்சி எல்லாம் உண்டு.

நான்காம் நிலை: வீட்டிலேயே மருத்துவ சேவையும் தரப்படும். இதற்குச் சான்றிதழ் மட்டும் போதாது. சிகிச்சை அளிப்பதற்கான அரசு உரிமமும் வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் தாங்கள் எந்த நிலை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். முதல் நிலை வீட்டை நடத்திக்கொண்டு சிகிச்சை தருவதாக விளம்பரம் செய்தால் அது ஏமாற்று.

சான்றிதழ் பெறும் வழி

கூட்டமைப்பின் விதிகள் நிர்வாகம், கட்டடச் சூழல், மீட்சிக்கான உதவி, அயலாரோடு நல்லுறவு என நான்கு பகுதிகளில் அடங்கும். நடைமுறை இப்படிப் போகும்:

1. அமைப்பைப் பதிவு செய்தல். வீட்டை நடத்துவது யார், பணம் எங்கிருந்து வருகிறது, காப்பீடு உள்ளதா என்பதற்கு ஆதாரம் வேண்டும். வாடகை வீடு என்றால், மீட்சி இல்லமாகப் பயன்படுத்த உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவை.

2. நடைமுறைக் கையேடு. வேலை இங்கேதான் அதிகம். ஃபுளோரிடாவில் கேட்கப்படுபவற்றுள் சில: ஊழியர் ஒவ்வொருவரின் பொறுப்பு, போதைப் பரிசோதனை முறை, தங்குவோருக்கான விதிகள், சேர்க்கும் முறை, மீண்டும் போதையைத் தொட்டால் என்ன செய்வது, கட்டண விவரம், பணத்தைத் திருப்பித் தரும் விதி, வெளியேற்றும் விதி, நன்னடத்தை நெறி, அயலார் புகார் தந்தால் கையாளும் முறை.

3. பின்னணிச் சோதனை. உரிமையாளர் உள்ளிட்ட பொறுப்பாளர்களின் குற்றப் பின்னணி சரிபார்க்கப்படும். வீட்டை நிர்வகிப்பவர் அதற்கெனப் பயிற்சியும் தனிச் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும்.

4. கட்டடம். தீயணைப்பு, பாதுகாப்பு, சுகாதாரச் சோதனைகளில் தேற வேண்டும். தேசிய விதிப்படி படுக்கையறையில் ஒரு கட்டிலுக்குக் குறைந்தது 50 சதுர அடி. ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலிடம், ஒரு கை கழுவும் தொட்டி. புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்ய வேண்டும். அளவுக்கு மீறிய அபினி வகை மருந்தால் மூச்சு நிற்பவரை மீட்கும் நாலக்சோன் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

5. நேரில் ஆய்வு. ஆய்வாளர்கள் வீட்டுக்கு வந்து அறைகளையும் பதிவேடுகளையும் பார்ப்பார்கள். ஊழியர்களோடும் தங்குபவர்களோடும் பேசுவார்கள். காகிதத்தில் இருப்பது வீட்டில் நடக்கிறதா என்பது இங்கே தெரிந்துவிடும். குறை இருந்தால் திருத்த அவகாசம் தருவார்கள்.

6. சான்றிதழும் புதுப்பித்தலும். ஃபுளோரிடாவில் சான்றிதழின் ஆயுள் ஓராண்டுதான். ஒவ்வோர் ஆண்டும் ஆய்வு உண்டு. புகார் நிரூபணமானால் சான்றிதழ் பறிக்கப்படும்.

மூன்று கடினமான கேள்விகள்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை உழைத்தால் முடிந்துவிடும். மனத்தைச் சோதிப்பவை மூன்று.

முதலாவது, மீண்டும் விழுந்தவரை என்ன செய்வது? வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு ஆபத்து. நள்ளிரவில் தெருவில் தள்ளினால் அவர் உயிருக்கே ஆபத்து. சிறிது காலம் விட்டிருந்தவர் பழைய அளவில் எடுத்தால் உடல் தாங்காது. ஆகவே நல்ல வீடுகள் வெளியேற்றும் விதியோடு, அவரை எந்த மருத்துவமனையில் அல்லது யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் எழுதி வைத்திருக்கும். மது அருந்தியதற்காக நபி (ஸல்) அவர்களிடம் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்ட ஒருவரை ஒரு நபித்தோழர் சபித்தபோது, அவர்கள் அதைத் தடுத்தார்கள். அந்த மனிதரிடம் அல்லாஹ்வின் மீதும் தூதர் மீதும் நேசம் இருப்பதை எடுத்துச் சொன்னார்கள். இச்செய்தி புகாரியில் உள்ளது. அங்கே தண்டனை தவிர்க்கப்படவில்லை. ஆனால் மனிதர் கைவிடப்படவில்லை.

இரண்டாவது, மருந்து. அபினி வகைப் போதையிலிருந்து மீள்பவர்களுக்கு மருத்துவர்கள் பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன் போன்ற மருந்துகளைத் தருகிறார்கள். ‘இதுவும் போதைதானே’ என்று சொல்லிச் சில வீடுகள் இவர்களைச் சேர்ப்பதில்லை. மருத்துவர் பரிந்துரைத்த மருந்தை முறைப்படி எடுப்பவரை அதற்காக ஒதுக்குவது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு எதிரானதாகலாம் என்று 2022இல் அமெரிக்க நீதித்துறை விளக்கம் அளித்தது. நிர்ப்பந்த நிலைக்குரிய சலுகையை நம் ஃபிக்ஹும் அறியும். உயிர் காக்கும் மருந்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் விடுதிப் பொறுப்பாளருக்கு இல்லை. அது மருத்துவரின் வேலை.

மூன்றாவது, பரிசோதனை. துருவித் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆன் (49:12) தடுக்கிறது. அப்படியானால் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் சிறுநீரைச் சோதிப்பதும் சரியா? சேரும் நாளிலேயே விதியைப் படித்துக் காட்டி, அவர் மனமொப்பிக் கையெழுத்திட்டு, எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் நடந்தால் அது ஒப்பந்தம். ஒருவரைப் பிடிக்கவில்லை என்பதற்காக அவரை மட்டும் குடைந்தால் அது அநீதி.

முஸ்லிம்களின் முயற்சி

அமெரிக்க முஸ்லிம்கள் 1989இல் பால்டிமோர் நகரில் ‘மில்லத்தி இஸ்லாமி’ என்ற தோழமைக் குழுவைத் தொடங்கினார்கள். மது அடிமைத்தனத்திலிருந்து மீள அங்கே பரவலாகப் பின்பற்றப்படும் பன்னிரண்டு படி முறையை, இஸ்லாமிய நம்பிக்கைக்கு ஏற்ப மாற்றி அமைத்தது இக்குழு. இது தங்கும் இல்லம் அல்ல. கூடிப் பேசி ஒருவரையொருவர் தாங்கும் அமைப்பு. ஐவேளைத் தொழுகையும் ஜமாஅத்தும் போதையை விட்டவரின் நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. ஆனால் தொழுகை நடக்கும் வீடு என்பதால் அந்த வீட்டுக்குத் தீயணைப்புச் சோதனை வேண்டாம் என்று ஆகிவிடாது.

நம் மண்ணில்

இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்கா அருகே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். குடும்பங்கள் அவர்களை நம்பிக்கையோடுதான் ஒப்படைத்திருந்தன. அதன் பிறகே அங்கிருந்த அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. கேட்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

இன்று இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. மனநோய்க்கு அது தரும் வரையறையில் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். அத்தகையோரைச் சிகிச்சைக்காகவோ மறுவாழ்வுக்காகவோ தங்க வைக்கும் நிறுவனம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவின்றி நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் 5 லட்சம் வரை போகும். பதிவு பெற்ற இடங்களில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை உண்டு. எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. தாமாக வந்து சேர்ந்தவர் போக விரும்பினால் அவரைத் தடுத்து வைக்கச் சட்டம் குறுகிய சூழலில் மட்டுமே இடம் தருகிறது.

எனவே ஒரு ஜமாஅத்தோ அறக்கட்டளையோ இத்தகைய இல்லத்தைத் தொடங்க நினைத்தால், முதலில் வழக்கறிஞரையும் மனநல மருத்துவரையும் உட்கார வைத்து, இது பதிவுக்குள் வருமா என்று கேட்பது நலம். நிதி திரட்டலும் கட்டடமும் அடுத்த கட்டம். ஜகாத் நிதியைக் கட்டடத்துக்குச் செலவிடுவதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அதற்கெனத் தனியாக ஸதகா, வக்ஃபு நிதியைத் திரட்டுவது சிக்கல் இல்லாத வழி. தங்கும் கட்டணம் கட்ட இயலாத ஏழைக்கு ஜகாத்திலிருந்து அவர் கையிலேயே கொடுத்து உதவலாம்.

ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டியவை

எந்த நாட்டில் இருந்தாலும், மகனையோ சகோதரனையோ ஓர் இல்லத்தில் சேர்க்கும் முன் குடும்பத்தார் இவற்றைக் கேளுங்கள்:

- பதிவு அல்லது சான்றிதழின் எண் என்ன? எந்தத் தேதி வரை செல்லும்? வழங்கிய அலுவலகத்தில் நாமே சரிபார்த்தோமா?
- விதிகளையும் கட்டணத்தையும் எழுத்தில் தருவார்களா? பாதியில் வெளியேறினால் மீதிப் பணம் திரும்ப வருமா?
- அறைகளையும் கழிப்பறையையும் காட்டுவார்களா? இரவில் கதவு வெளியே பூட்டப்படுகிறதா?
- நாம் நினைத்தபோது தொலைபேசியில் பேசலாமா? தங்கியிருப்பவர்களோடு தனியாகப் பேச விடுவார்களா?
- மீண்டும் போதையைத் தொட்டால் என்ன செய்வார்கள்? அவசரத்துக்கு எந்த மருத்துவமனை?
- நம்மை அங்கே அனுப்பியவருக்குத் தரகு கிடைக்கிறதா?

இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கும் இல்லத்தை விட்டு விலகுங்கள். நேர்மையாக நடத்துபவர் இக்கேள்விகளை வரவேற்பார்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:58). பணமும் நகையும் மட்டும் அமானிதம் அல்ல. உடைந்து, திருந்தி, நம் வாசலில் வந்து நிற்கும் ஒரு மனிதனும் அமானிதமே. ‘அல்லாஹ்வுக்காகச் செய்கிறோம், எங்களை யார் கேட்பது?’ என்ற பேச்சு இந்தப் பணிக்குப் பொருந்தாது. அல்லாஹ்வுக்காகச் செய்பவர் மறுமையின் கேள்விக்கே ஆயத்தமாக இருப்பவர்; ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆய்வாளரின் கேள்விக்கு அவர் ஏன் தயங்க வேண்டும்?

போதையின் பிடியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் விடுதலை தருவானாக. மீண்டு வந்தவர்களுக்குப் பாதுகாப்பான வீட்டையும் நல்ல தோழமையையும் அமைத்துத் தரும் பாக்கியத்தை நமக்கு வழங்குவானாக. ஆமீன்.